ஈரம் படாத துப்பாக்கி

எனக்கு வேட்டைக்குப் போக நேரமே கிடைப்பதில்லை என்பது எங்கள் ஊரில் பழைய கேலி. பல் வைத்தியனுக்கு இலையுதிர் காலத்தில்தான் கூட்டம் அதிகம். எல்க் மான் வேட்டைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முகாமில் உலர்ந்த இறைச்சியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களைக் கவனித்து அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பருவம் முடிந்து பனி விழுந்திருக்கும். உங்களுக்கும் இடது பக்கம் கீழே ஒரு பல் தொந்தரவு தருகிறது. காப்பியை வலது பக்கமாகவே ஒதுக்கிக் குடிக்கிறீர்கள். தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் ஷிகாகோவிலிருந்து வந்தவர், வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி அதிகம் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது ஒருவிதத்தில் நிம்மதி. எங்கள் ஊர்க்காரர்கள் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்ல என்னால் முடிந்திருக்காது. ஏன் என்று போகப் போக உங்களுக்கே புரியும்.

என் வீட்டில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற இயந்திரம் அங்கே ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். என் மனைவி விட்டுப்போனபோது அந்த இரைச்சலைத்தான் காரணமாகச் சொன்னாள். தொழிற்சாலையில் வரிசையாக வந்து விழுகிற துப்பாக்கிகளை நான் வாங்குவதில்லை. ஒரு ஆளின் கை நீளம், கழுத்து நீளம், தோள் அகலம் எல்லாம் அளந்து, அந்த ஒருவனுக்காகவே ஒரே கைவினைஞன் மாதக்கணக்கில் இழைத்துச் செய்த பழைய வேட்டைத் துப்பாக்கிகள் மட்டும்தான் அந்த அறையில் இருக்கின்றன. அவற்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தால், செத்துப்போன யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். அந்தச் சுகம் எனக்குப் போதும். சுட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதில்லை.

அவற்றில் ஒன்று ஆகஸ்ட் ரீம் செய்தது. ரீம் ஒரு ஜெர்மன்காரன். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே, இதே மான்டானாவில், குதிரை லாயத்தை ஒட்டிய ஒரு கொட்டகையில் வேலை பார்த்தவன். பண்ணைக்காரச் சகோதரர்கள் இருவருக்காக ஒரே வால்நட் பலகையைப் பிளந்து இரண்டு துப்பாக்கி செய்தான். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றில் முடிகிற மரத்தின் ரேகை மற்றதில் தொடங்கும். தோட்டா உட்காரும் இடத்துக்கு மேலே, இரும்பில் காட்டு ரோஜா செதுக்கியிருப்பான். ஒன்றில் மொட்டு, இன்னொன்றில் பூ. மொட்டு என்னிடம் இருக்கிறது. அண்ணன்காரனின் வாரிசுகள் ஏலத்தில் விட்டபோது வாங்கினேன். பூ ஓரின் டீக்கிடம் இருந்தது. அவனுடைய காலஞ்சென்ற மனைவி நோலா தம்பிக்காரனின் பேத்தி. அந்த வழியாக அவனுக்கு வந்தது.

ஓரின் என் நண்பன். வைக்கோல் பயிரிடுவான், அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் குதிரைக்கு லாடம் அடிப்பான். நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே, கடைவாய்ப் பல்லை என்னிடம் பிடுங்கிக்கொண்டு, அந்த வாயோடேயே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். அன்று தொடங்கிய பழக்கம். நல்லவன். ஆனால் அந்தத் துப்பாக்கியை அவன் நடத்திய விதம் எனக்கு வயிற்றெரிச்சல். மழையில் சேணத்தோடு கட்டித் தொங்கவிடுவான். ஒருமுறை வேலிக் கம்பி தொய்ந்துவிட்டதென்று அதை முட்டுக் கொடுத்து நிறுத்தியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். விலைக்குக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். சிரிப்பானே தவிரக் கொடுக்க மாட்டான். ஆனால் ஒவ்வொரு பருவமும் முடிந்தவுடன் என்னிடம் கொண்டுவந்து போடுவான்.

"டேய் டாக்டரு, உன் சின்ன வீடு வந்திருக்கா. குளிப்பாட்டி அனுப்பு."

நானும் துடைத்து, எண்ணெய் போட்டு, ஒரு வாரம் மொட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் வருடம் முழுவதும் காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

போன வருடம் மருத்துவமனையை விற்றுவிட்டேன். வேட்டைக்கு வராமலிருக்கச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. நவம்பரில் பருவம் முடிகிற வாரத்தில் ஓரின் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டி, கையைப் பிடித்து இழுக்காத குறையாக வண்டியில் ஏற்றினான். என் வண்டிதான். அவனுடையது மலைப்பாதையில் மூச்சு வாங்கும். போகிற வழியில், மடியில் பூவை வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக ஒரு விஷயம் சொன்னான்.

"ரெட்டா திரும்பி வரா. சியாட்டில் போதுமாம். அடுத்த வருஷம் என்கூட மலைக்கு வரேங்குறாடா. நோலா போனப்புறம் எம்பொண்ணு வாயிலேருந்து இப்படி ஒரு வார்த்த வந்ததே இல்ல."

"நல்ல சேதிதானே," என்றேன்.

"அவளுக்கு கை குட்டை, அவங்கம்மா மாதிரி. இது தோளுக்கு எட்டாது. அதான், பருவம் முடிஞ்சதும் கட்டைய ரெண்டு விரக்கட அறுத்துட்டு, பின்னால ரப்பர் வெச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கேன். அப்படியே மேல நாலு ஓட்ட போட்டு தொலைநோக்கிய மாட்டிரலாம். கண்ணும் அவளுக்கு மட்டு."

மேலே என்றால், பூ இருக்கிற இடத்தில்.

நான் நிதானமாகத்தான் பேசினேன். "என் அறையிலேருந்து அவளுக்கு எது பொருந்துதோ எடுத்துக்க. இனாமாவே தரேன். இத மட்டும் அறுக்காத."

"போடா. அவங்கம்மா வீட்டுத் துப்பாக்கிடா இது. உன் பொம்மைய வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? மரம் வளந்தது ஆளுக்காகத்தான். ஆளு மரத்துக்காகவா வளரும்?"

சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். வானம் கனத்துக் கிடந்தது. கூடக் கொண்டுவந்திருந்த மொட்டுத் துப்பாக்கியை நான் ஈரம் படக் கூடாதென்று வண்டியிலேயே விட்டுவிட்டேன். ஓரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பொண்ண வீட்டுல விட்டுட்டுக் கல்யாணத்துக்கு வர்ற ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா." அதனால் மலையில் எங்களிடம் இருந்தது ஒரே துப்பாக்கி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓடை மேலே போனதும் இரண்டாகப் பிரிகிறது. நாங்கள் வடக்குக் கிளையில் ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறைமேல் மெல்லிய பனி படிந்திருந்தது. ஓரின் வழுக்கி விழுந்தான். விழும்போதுகூடத் துப்பாக்கி பாறையில் மோதாமல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடியே விழுந்தான். அதற்காக இன்றும் அவனுக்கு நன்றி சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கால் வேறு பக்கம் பார்த்தது.

செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். கிளையை ஒடித்துக் காலை அசையாமல் கட்டினேன். இழுத்துக்கொண்டுபோய் ஒரு ஃபிர் மரத்தடியில் சாய்த்து உட்காரவைத்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் ஆழமான பள்ளம், அதன் அடியில் ஆறு. தீ மூட்டி, என் மேல்கோட்டைப் போர்த்தி, சூடான காப்பி இருந்த குடுவையை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். அங்கே தொலைபேசி வேலை செய்யாது. நான் இறங்கிப்போய் ஆள் கூட்டிவர வேண்டும். அவனும் தைரியமாகத்தான் இருந்தான். அதற்குள் பனி கொட்ட ஆரம்பித்தது. உலர்ந்த பனி என்றால் பரவாயில்லை, தட்டிவிட்டால் போய்விடும். இது ஈரப்பனி. மரத்தில் இறங்கும். இரும்பில் ஓர் இரவு கிடந்தால் செதுக்கின கோடுகளுக்குள் துரு பிடித்துவிடும்.

அதனால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் பின்னாலிருந்து ஏதோ சொன்னான். காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

வண்டிக்கு வந்ததும் முதலில் அதைத் துடைத்தேன். அவசரத் துடைப்பு இல்லை. தோட்டாவை வெளியே எடுத்து, குழலுக்குள் துணி விட்டு, எண்ணெய் தடவி, கம்பளியில் சுற்றி, இருக்கைக்குப் பின்னால் மொட்டுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். பிறகுதான் தொலைபேசி எட்டுகிற இடத்துக்கு வண்டியை ஓட்டினேன்.

ஊரே திரண்டு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். தேடும் குழுவுக்கு மோஸ்பி தலைவர். மர அறுவை ஆலை வைத்திருக்கிறார், எனக்கும் ஓரினுக்கும் வேண்டியவர். என்னை மலை ஏறவிடவில்லை. கோட்டில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு போர்வையைச் சுற்றி என் வண்டியிலேயே உட்காரவைத்தார்கள். இருக்கைக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கப்போகிறார்கள்?

மோஸ்பி வண்டி ஜன்னலில் குனிந்து கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஓரின்கிட்ட துப்பாக்கி இருக்குல்ல?"

இங்கே ஒரு வழக்கத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். காட்டில் மாட்டிக்கொண்டவன் கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று முறை வானத்தைப் பார்த்துச் சுடுவான். மூன்று வெடி கேட்டால், கேட்டவன் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூட எங்கள் ஊரில் இது தெரியும். கால் முறிந்து கிடப்பவனிடம் வேறு எதை விட்டு வந்தாலும் வராவிட்டாலும், துப்பாக்கியை விட்டுவிட்டு வருவார்கள்.

மோஸ்பிக்குப் பின்னால் அத்தனை பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என்னிடம் பல் பார்த்தவர்கள். "இல்லை, நனைந்துவிடும் என்று நான் எடுத்துவந்துவிட்டேன்" என்று அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"இருக்கு," என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப பயமில்ல டாக்டர். நம்ம ஆளுங்க மேல போய்ச் சத்தம் குடுக்கட்டும். அவன் மூணு சுட்டா வேல முடிஞ்சுது."

ஆட்கள் வடக்குக் கிளையில் ஏறிப்போனார்கள். கீழே எல்லா வண்டிகளையும் அணைத்துவிட்டு, பேசாமல், தொப்பியைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்து நின்றோம். நானும் இறங்கி நின்றேன். உங்களுக்கு நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். நானும் உண்மையாகவே காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன்.

சத்தம் வரவில்லை. மேலே போனவர்களுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்று அவர்கள் முதுகுப் பக்கமிருந்து மலைமேலே அடித்தது. அவன் பதில் கொடுத்திருந்தாலும் குரல் எட்டியிருக்காது. துப்பாக்கிச் சத்தம் எட்டியிருக்கும். மோஸ்பி என்னிடம் திரும்பி வந்தார். "ஓரின் இந்தப் பக்கம் இருந்தா இந்நேரம் சுட்டிருப்பான் டாக்டர். வடக்குக் கிளைதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பனியில ரெண்டும் ஒண்ணாட்டம்தான் தெரியும்."

நல்ல மனிதர். எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. வடக்குக் கிளையில் அவனைக் கண்டுபிடித்தால், முதலில் அவன் சொல்லப்போவது துப்பாக்கியைப் பற்றித்தான்.

"தெக்காலயும் இருக்கலாம் மோஸ்பி," என்றேன். "எனக்கு இந்த மலை அவ்வளவா பழக்கமில்ல. வேட்டைக்கு எங்க நேரம் கிடைச்சுது? உங்களுக்குத் தெரியாததா?"

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஆட்களை அழைத்துத் தெற்குக் கிளைக்கு அனுப்பினார். இருட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை, வெயில் வந்த பிறகு, வடக்குக் கிளையில் அதே மரத்தடியில் பார்த்தார்கள். தீ அணைந்து, என் கோட்டைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு விறைத்திருந்தான். துப்பாக்கி இல்லை. டாக்டர் கொடுத்துவிட்டு வந்த துப்பாக்கி எங்கே போயிருக்கும்? எல்லோரும் மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களே எட்டிப் பார்த்தார்கள்.

அடக்கத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு ரெட்டா என்னைத் தனியாக அழைத்துப் போனாள். "டாக்டர் மாமா, அப்பா அத வேணும்னேதான் தூக்கிப் போட்டாரா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். "நோலா போனதுலேருந்து அவன் மனசே சரியில்லம்மா," என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கை சூடாக இருந்ததாக நினைவு. மலைக்குப் போன அன்று காலை வண்டியில் வந்தபோதுகூட மகள் திரும்பி வருகிறாள் என்று பூரித்துப் பேசியவனைப் பற்றி, அவன் மகளிடமே இப்படிச் சொன்னேன். துப்பாக்கியை எடுத்ததுகூட எனக்குக் கனவில் வருவதில்லை. இதுதான் வருகிறது.

வசந்தத்தில் பனி உருகியதும் அவள் பள்ளத்தில் இறங்கித் தேட ஆரம்பித்தாள். "அது எப்படி இருக்கும்னு உங்களவிட யாருக்குத் தெரியும்? கூட வாங்க மாமா," என்றாள். போனேன். வாரக்கணக்கில் போனேன். வாழ்நாளெல்லாம் கிடைக்காத நேரம் அப்போது கிடைத்தது. என் வீட்டு அலமாரியில் இருக்கிற துப்பாக்கியை, இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று, கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். போன செவ்வாய்க்கிழமை அவள் ஒரு மரத்துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உடைந்த கட்டையோ என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் தேடல் அன்றோடு முடிந்திருக்கும். கையில் வாங்கிப் பார்த்தேன். சாதாரண ஃபிர். அதைப் போய் ரீமின் வால்நட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் அதை ஆற்றில் எறிந்துவிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். அழவில்லை. "என்னை நெனச்சாவது ஒரு மூணு தடவ சுட்டிருக்கலாம்ல?" என்றாள். "நான் வரேன்னு சொல்லியிருந்தேன். அதுகூட அவருக்குப் போதல."

அதனால்தான் உங்களிடம் வாக்குமூலம் கொடுக்க வந்தேன். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

காற்றில் அவன் சொன்னது கேட்கவில்லை என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்னேன். அப்போது நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். காற்று இருந்தது. ஆனால் கேட்டது. துப்பாக்கியை அவன் மடியிலிருந்துதான் எடுத்தேன். அவன் அதன் வாரைப் பிடித்துக்கொண்டான். விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பல் வைத்தியன் கை, பலமான கை. அவன் என்னை டாக்டரு என்று கூப்பிடவில்லை. "லோவல், அத வெச்சிட்டுப் போடா. மூணு சுடணும்ல," என்றான்.

"நனைஞ்சிரும்டா," என்றேன்.

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். பாறை வளைவு திரும்பும்வரை அந்தச் சிரிப்பு கேட்டது. அதன் பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். அதுவும் வெகுதூரம் கேட்டது. நான் நிற்கவில்லை. அவன் அங்கிருந்து வரப்போவதில்லை என்பது வண்டியில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நிதானமாகத் துடைத்தேன். நான்தான் அவனைக் கொன்றேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ரெட்டாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவள் அப்பா அவளுக்காகச் சுடத்தான் இருந்தான், கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தான் என்று சொல்லுங்கள். துப்பாக்கி அறையில் இடது அலமாரியில் இருக்கிறது. மொட்டும் பூவும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டையும் அவளே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் கட்டையை அறுக்க வேண்டாம், மேலே ஓட்டையும் போட வேண்டாம். இவ்வளவுக்கும் பிறகு அதை அறுத்துவிட்டால், ஓரின் செத்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.